தென்றல் ராணி போட்ட மறுவிருந்து

தென்றல் ராணி என்ற சொகுசு ரயிலைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், மூன்று பனிக்காலம் ஓடிவிட்டு நஷ்டத்தில் படுத்துக்கொண்ட வண்டி என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கார்த்திகை பிறந்ததும் சென்னையில் கிளம்பும். ஊர் ஊராக நின்று கோயில் குளமெல்லாம் காட்டும். மாசி வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியதும் ஷெட்டுக்குள் போய் முடங்கிவிடும். அதில் வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் நாட்டில் எல்லாமே பிடித்திருந்தது, வெயிலைத் தவிர. பெட்டிக்குள்ளேயே குளிக்கத் தொட்டி இருந்தது, தரையெல்லாம் கம்பளம் விரித்திருந்தது, சாப்பாட்டுப் பெட்டியில் கண்ணாடிச் சரவிளக்கு ஒன்று தொங்கியது. ரயில் ஆடினால் விளக்கும் ஆடி யார் தலையிலாவது விழுந்துவைக்கும் என்று அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுக் கீரைக்காட்டுப்பட்டியில் கேட்டால் இந்த வரலாறே வேறு. அந்த ஊரில் அப்போது ஒருவரும் அந்த ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ரயிலோடு அவர்களுக்குச் சம்பந்திச் சண்டை மாதிரி ஒன்று வருஷக்கணக்கில் இருந்தது. அதை இழுத்துவிட்டவள் பெருமாயி.

பெருமாயிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் மாணிக்கம் காட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டு, ஓரத்து மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டுகிற மனிதர். அவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். அவள் கைப்பக்குவத்துக்கு மலை முழுக்கப் பெயர் இருந்தது. கல்யாணமா, காதுகுத்தா, கோயில் நோம்பியா, கரண்டி அவள் கையில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் அவளுக்குத் தூக்கம் வராது. சண்டை போட வந்தவனைக்கூட முதலில் உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, அவன் ஏப்பம் விட்ட பிறகுதான் திட்ட ஆரம்பிப்பாள்.

அந்தப் பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லாததால் மற்ற பட்டிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் வந்து கை நனைத்தவர்கள், மூன்று ஆடி நோம்பி கழிவதற்குள் அந்த வீட்டாரைத் தங்கள் இடத்துக்கு அழைத்து மறுவிருந்து போட வேண்டும். இல்லாதவர்களானால் கூழ் ஊற்றினாலும் போதும், ஆனால் கூப்பிட்டு ஊற்ற வேண்டும். கூப்பிடாவிட்டால் அவர்கள் சாப்பிட்டது விருந்தில்லை, பிச்சை என்று ஆகிவிடும். விருந்து என்று நினைத்துப் பரிமாறியவளுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

1998 ஐப்பசியில் சேலத்திலிருந்து தனசேகரன் என்ற டிராவல்ஸ்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். இடுப்பில் பேஜர் மாட்டியிருந்தார். மலையில் அது ஒருபோதும் சத்தம் போடாது. ஆனாலும் பேச்சுக்கு நடுவில் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார். புதிதாக ஓடப்போகிற ரயிலில் வருகிற வெளிநாட்டு விருந்தாளிகள் வாரம் ஒரு நாள் சேலத்தில் இறங்கி வேனில் மலைக்கு வருவார்கள், அவர்களுக்கு மலைவாழ் மக்களின் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றார். ஊர் அவரைப் பெருமாயியிடம் அனுப்பியது.

"நீங்க தினமும் என்னம்மா சாப்பிடுவீங்க?"

"ரேசன் அரிசிச் சோறுங்க. வேறென்னத்தத் திங்கறது?"

தனசேகரன் முகம் சுண்டிப்போயிற்று. "அதில்லம்மா. பாரம்பரியமா. சாமை, தினை அந்த மாதிரி."

"அதெல்லாம் எங்க மாமியா காலத்துலீங்க சார். இப்பக் காடு பூராம் குச்சிக்கெழங்குதான். சேகோ பேக்டரி லாரி வரும், ஏத்திக்கிட்டுப் போயிரும். சாமைய ஆரு குத்திப் பொடைச்சுக்கிட்டு இருக்கறது?"

தனசேகரன் அசந்துபோகிற ஆள் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் சாமை மூட்டை வாங்கி, கிழங்கு ஏற்ற வெறும் வண்டியாக மேலே வருகிற லாரியில் போட்டு அனுப்பிவிட்டார். சேலத்தில் இறங்குகிற வெள்ளைக்காரர், சேலத்தில் வாங்கிய சாமையைச் சாப்பிட எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டியது என்று ஏற்பாடாயிற்று. மண்சட்டிகளும் சமவெளிச் சந்தையிலிருந்துதான் ஏறி வந்தன. பிளாஸ்டிக் குடங்கள் கொல்லைக்குப் போயின. டி.வி. ஆண்டெனா மேல் தழையை வெட்டிப் போட்டு மூடினார்கள். மாணிக்கத்தின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னபோது, "வாறவிங்களும் கட்டிக்கிட்டுத்தானுங்களே வருவாங்க?" என்று கேட்டார். அந்த வருஷம் மாணிக்கம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கடைசியில் தனசேகரன் தயங்கித் தயங்கிக் கூலிப் பேச்சை எடுத்தார். பெருமாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சோறாக்கிப் போட்டுட்டுக் காசு வாங்கறதா? ஏனுங்க சார், என்னைய என்னன்னு நெனச்சீங்க? வாறவிங்க விருந்தாளிங்க. சாமையக் கொண்டாந்து போட்டீங்க, அது போதும். மீதி என்னோட பாடு."

தனசேகரன் நெகிழ்ந்துபோனார். ஒரு செலவு இவ்வளவு சுலபமாகக் குறையும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ரயில் கம்பெனி அச்சடித்த வழுவழுப்பான தாளில், பணம் வாங்காத மலை மக்களின் அன்பு விருந்து என்று பெருமாயி படத்தோடு போட்டார்கள். அந்த அன்பு விருந்துக்குப் பயணிகள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதே தாளில் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

முதல் பனிக்காலம் வந்தது. வேன்கள் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைந்து வளைந்து ஏறி வருவதற்குள் விருந்தாளிகளின் முகம் மஞ்சள் பூத்துவிடும். இறங்கியதும் பாதிப் பேர் வேலியோரம் போய்க் குனிந்து நிற்பார்கள். பெருமாயி எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தேய்த்து ஆளுக்கொன்று கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, வாசலில் பாய் போட்டு உட்காரவைப்பாள். அரைமணி நேரத்தில் பசி எடுத்துவிடும். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம், மோர். தட்டு காலியாகிற வேகத்தைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியாது. வேனிலேயே உட்கார்ந்து சேலத்துப் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஒரே ஆள் தனசேகரன்தான். சாமை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

விருந்தாளிகள் கரண்டியில் சாப்பிட்டார்கள். அதற்கென்று ரயிலிலிருந்து ஒரு மரப்பெட்டி நிறைய வெள்ளிக் கரண்டிகள் வரும். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் அர்த்தனாரி, சங்ககிரிப் பக்கத்து ஆள், ரயிலில் பரிமாறுகிற வேலை. எல்லாருடைய சாப்பாடும் முடிந்து கரண்டிகளைக் கழுவித் துடைத்து அடுக்கிய பிறகு, கொல்லைப்புறம் அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவான். வேலையாள் என்பதால் அவனை யாரும் விருந்தாளிக் கணக்கில் சேர்க்கவில்லை.

தை மாதத்தில் ஊர்க்கவுண்டர் காளியண்ணன் தீர்ப்புச் சொன்னார். பெருமாயிக்கு அவர் மாமன் முறை. அவள் வீட்டில் தாளிக்கிற வாசம் வந்தால் அந்தப் பக்கமாக அவருக்கு ஏதாவது ஒரு அவசர வேலை வந்துவிடும். அப்படி ஒரு அவசர வேலையாக வந்து நின்று, விருந்தாளிகள் சாப்பிடுவதை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கரண்டில அள்ளித் தின்னா கை எங்க நனைஞ்சுது? இது விருந்துல சேராது பெருமாயி. தின்னாங்க, போனாங்க. நமக்கும் அவிங்களுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல."

ஒரு பனிக்காலம் முழுக்க அடுப்பில் வெந்தவளுக்கு எப்படி இருக்கும்? அவள் அன்றைக்குக் காளியண்ணனுக்கு ஊற்றிய ரசத்தில் உப்பே போடவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும், வந்த முதல் வேனிலிருந்தே கரண்டிப் பெட்டி காணாமல் போயிற்று. தனசேகரன் வேனைக் குடைந்தார். அர்த்தனாரியைத் திட்டினார். பெட்டி வீட்டுக்குள் பரண்மேல், வெங்காயக் கூடைக்குப் பின்னால் இருந்தது. அதை அங்கே ஏற்றியவள் வாசலில் நின்று, "கைதான் இருக்குதுங்களே, கடவுள் குடுத்தது," என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்து காட்டினாள். விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டாள். அப்புறம் எல்லாரும் விட்டார்கள். ரசம் முழங்கையில் வழிந்தது. சிரிப்பும் கூச்சலுமாக வாசலே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பலாமரத்தடியில் நின்றிருந்த காளியண்ணன் தலையைச் சொறிந்தார். "நனைஞ்சுதான் போச்சு," என்று ஒப்புக்கொண்டார். "முழங்கை வரைக்கும் நனைஞ்சு போச்சு. இனி அவிங்க மறுவிருந்து போடத்தான் வேணும்."

பெருமாயி வேன் கிளம்புவதற்குள் தனசேகரனைப் பிடித்துக்கொண்டாள். "சார், எங்களை எப்பங்க கூப்புடறாங்க?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உற்சாகமாக விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் கை தட்டினார்கள். "ரயிலுக்கே வாங்கம்மா! சரவிளக்குக்குக் கீழ உக்காரவெச்சுப் போட்டுடறோம்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். தனசேகரன் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னவர் கிடையாது. கிளம்பும்போது எல்லாரிடமும் ஏதாவது இப்படிச் சொல்லிவிட்டுப் போவது அவர் பழக்கம். மற்றவர்கள் போய்வாருங்கள் என்று சொல்வதில்லையா, அதுபோல.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலடியில் ஊர் கூடியபோது பெருமாயி இதைச் சொன்னாள். பக்கத்து வீட்டு மாதம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கூப்புடுவான், கூப்புடுவான். நீயும் பட்டுச்சேல கட்டிக்கிட்டு ரயிலு தொட்டில குளிச்சுப்போட்டு வா. தொட்டில குளிக்கறவனுக்கு நம்ம மொகம் ஞாபகம் இருக்குமாக்கும்!"

ஊரே சிரித்தது. மாணிக்கம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்துவிட்டார். பெருமாயிக்குச் சுர்ரென்று ஏறியது. கோயிலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மூணு ஆடி நோம்பிக்குள்ள அந்த ரயிலுக்காரங்க என்னையக் கூப்புட்டுச் சோறு போடுவாங்க. போடாட்டி, போடற வரைக்கும் என் ஊட்டுல ஒருத்தரும் கை நனைக்க வேண்டாம். இது மாரியாத்தா மேல சத்தியம்!"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரையும் விட அதிகமாகப் பதறியவர் காளியண்ணன். "ஏம்மா, அவசரப்பட்டுட்டியே," என்றார். ஆனால் சத்தியம் சத்தியம்தான். வாயிலிருந்து வந்ததை மாரியாத்தா கேட்டாயிற்று.

மூன்றாவது பனிக்காலத்தில் பெருமாயி புது ரவிக்கை தைத்து வைத்துக்கொண்டு வாரா வாரம் கேட்டாள். தனசேகரனும் வாரா வாரம் ஒரு பதில் வைத்திருந்தார். ஒரு தடவை பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரு தடவை சமையல்காரருக்கு அம்மை போட்டிருக்கிறது. ஒரு தடவை கம்பளத்தைக் கழுவப் போட்டிருக்கிறது, விருந்தாளியை வெறும் தரையில் நடக்கவிடலாமா? பெருமாயி எல்லாவற்றையும் நம்பினாள். அம்மை போட்ட சமையல்காரருக்காக வேப்பிலைக் கொத்து ஒன்றையும் அர்த்தனாரியிடம் கொடுத்தனுப்பினாள். அர்த்தனாரி அதை வாங்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தான். இதற்குள் வேன்களும் குறைந்துகொண்டே வந்தன. கடைசி வாரங்களில் ஒரே ஒரு வேன் வந்தது. அதிலும் பாதிப் பேர் கம்பெனி அதிகாரிகளின் மச்சினன், மாமனார் வகையறா. ஓசிப் பயணம். அவர்கள் சாமைச் சோற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தயிர் சாதம் இல்லையா?" என்று கேட்டார்கள்.

2001 ஐப்பசியில் சாமை மூட்டை வந்தது. விருந்தாளிகள் வரவில்லை. பெருமாயி செம்மேட்டுக்குப் போய் பூத்திலிருந்து போன் போட்டாள். அமெரிக்காவில் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம், வெளிநாட்டுக்காரர்கள் ஏரோப்ளேன் ஏறப் பயப்படுகிறார்கள், இந்த வருஷம் ரயில் இல்லை என்றார் தனசேகரன்.

"எங்கியோ கட்டடம் இடிஞ்சதுக்கு என்ற விருந்து எதுக்குங்க நிக்கோணும்?" என்று கத்தினாள். பிறகு டி.வி.யில் அதைக் காட்டியபோது, தழையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்ட ஆண்டெனாவின் புண்ணியத்தில் தெளிவாகவே பார்த்தாள். அத்தனை பேர் செத்துப்போயிருக்கிறார்களே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஆடியோடு மூன்றாவது நோம்பி கழிந்தது. தென்றல் ராணி வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

பெருமாயியை யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. திட்டவில்லை, கேலிகூடச் செய்யவில்லை. கல்யாண வீடுகளில் அவள்தான் சமைத்தாள், எல்லாரும் சாப்பிட்டார்கள். அவள் வீட்டுக்கு வருவார்கள், வாசலில் நின்று பேசுவார்கள். ஒரு வாய் மோர் என்று நீட்டினால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். மாதம்மாள் ஒருநாள் வேலியோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் பாவி, சிரிச்சுத் தொலைச்சேன். ஆனா ஆத்தா மேல சத்தியம் பண்ணிப்போட்டியே," என்றாள். பெருமாயி பழக்கதோஷத்தில் ஊருக்கே ஆக்குகிற மாதிரி உலை வைப்பாள். மிஞ்சியதை மாட்டுக்கு ஊற்றுவாள். அந்த மாடு கொழுத்துப்போனதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு துக்கமா என்று கேட்பார்கள். ஆனால் அவளுக்கு இதைவிடப் பெரிய துக்கம் இருக்கவில்லை. அவளும் மெலிந்தாள். காளியண்ணனோ தாளிக்கிற நேரத்தில் அந்த வழியே போக வேண்டிவந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். சத்தியத்தை மீறு என்று ஊர்க்கவுண்டர் வாயால் சொல்ல முடியுமா?

2003 தை அறுவடை முடிந்த ஒரு காலையில் மாணிக்கம் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு. அந்த ரயிலையே போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்."

பெருமாயிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தைத்து வைத்த ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தது. அதையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

சேலத்தில் தனசேகரன் ஆபீசில் ரயில் படம் இருந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவு வரைபடம் தொங்கியது. அவர் பிளாட் விற்கிற வேலைக்கு மாறியிருந்தார். அவர்களை அடையாளம் தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. தெரிந்ததும் வழக்கமான உற்சாகம் வந்துவிட்டது.

"அட, அந்த வண்டியா! சேலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன்ல ஓரங்கட்டி வெச்சிருக்காங்கம்மா. ஏலத்துல எடுக்க ஆளில்ல. அதை எதுக்குப் பாக்கப் போறீங்க?"

"மறுவிருந்துக்குங்க," என்றாள் பெருமாயி.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "அதுக்கென்ன, வாங்க. நம்ம கடையில நல்ல பரோட்டா போடறான். நான் வாங்கித் தாரேன்."

"நீங்க வாங்கித் தந்தா எப்படிங்க சேரும்? நீங்க என்ற ஊட்டுல ஒருநாளும் கை நனைக்கலீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துகொண்டாள். பரோட்டாப் பொட்டலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பஸ் நிற்கிற இடத்தை மட்டும் காட்டினார்.

அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாள ஓரமாகவே நடந்தார்கள். கடைசியில் சீமைக்கருவேலம் புதருக்கு நடுவில் தென்றல் ராணி நின்றிருந்தது. பெருமாயி நேரில் முதல்முதலாகப் பார்க்கிற ரயில் அதுதான். ரயில் என்றால் ஓடும் என்று கேள்விப்பட்டிருந்தாள். இது ஓடுகிற மாதிரி தெரியவில்லை. சக்கரத்தில் கோவைக்கொடி ஏறியிருந்தது. அடியில் நிழலுக்கு ஆடுகள் படுத்திருந்தன. படியில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தாலும் பெருமாயிக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அர்த்தனாரி!"

அர்த்தனாரி எழுந்து ஓடிவந்தான். கம்பெனி மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவனை மட்டும் வண்டிக்குக் காவலாக உட்காரவைத்திருந்தது. "பெருமாயிக்கா! நீங்களா? வாங்க, வாங்க. இந்த வண்டிக்குள்ள ஒரு மனுசர் ஏறி எவ்வளவு நாளாச்சு!" என்று சாவிக்கொத்தை எடுத்தான். கையைப் பிடித்து ஏற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் கூட்டிப்போனான். கம்பளம் இல்லை. நாற்காலிகள் இல்லை. தட்டு, கரண்டி, திரைச்சீலை எதுவும் இல்லை. எதையெதையோ யார்யாரோ கொண்டுபோய்விட்டிருந்தார்கள். சரவிளக்கு மட்டும் இருந்தது. அன்றைக்குக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியதைத் திருடனாலும் அவிழ்க்க முடியவில்லை.

அதற்குக் கீழே துண்டை உதறி விரித்து அவர்களை உட்காரச் சொன்னான் அர்த்தனாரி. வந்த காரியத்தை எப்படி எடுப்பது என்று பெருமாயிக்குத் தெரியவில்லை. இந்தக் கூட்டுக்குள் யார் விருந்து போடப்போகிறார்கள்? வந்ததே பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாள். மாணிக்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்," என்றான் அர்த்தனாரி, அவள் எதுவும் கேட்காமலே. மூலையிலிருந்து தூக்குப்போசியை எடுத்துவந்தான். "சொல்லவே வெக்கமா இருக்குது. உங்க கையில சாப்பிட்டதுக்கு நானு ராஜ விருந்து போடோணும். ஆனா என்னோட சாப்பாடு இவ்வளவுதான். சக்கரை வந்துருச்சுங்க்கா. அன்னைக்கு உங்க ஊட்ல ஆசைக்குத் தின்னேன். இன்னைக்கு டாக்டர் எழுதிக் குடுத்துத் திங்கறேன்."

மூடியைத் திறந்தான். சாமைச் சோறு. கொள்ளு ரசம். ஒரு துண்டு எலுமிச்சங்காய் ஊறுகாய்.

"செவ்வாப்பேட்டை மண்டிலதான் வாங்கறேன்," என்றான். "அதே கடைதான்."

பெருமாயி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. சோறு பத்தாதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என அர்த்தனாரி பயந்துபோய், "ஸ்டேஷன்ல போண்டா இருக்கும், ஓடிப்போய் வாங்கியாரட்டுங்களா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கொஞ்சத்தை மூன்றாகப் பிரித்து, போசி மூடியிலும் செய்தித்தாளிலும் வைத்துச் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் அடுத்தவர் சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை கோயிலடியில் ஊர் கூடியது. பெருமாயி நடுவில் நின்று, "கூப்புட்டாங்க. ரயிலுக்குள்ள, அந்த வெளக்குக்குக் கீழ உக்காரவெச்சுச் சோறு போட்டாங்க. கை நனைச்சுட்டு வந்தோம்," என்றாள்.

"என்ன சோறு?" என்று கேட்டார் காளியண்ணன்.

பெருமாயிக்கு நேற்று சாப்பிட்டபோது தோன்றாத கஷ்டம் இப்போது தோன்றியது. உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பிரியாணி என்றால் நம்புவார்கள். கேசரி, ஐஸ்கிரீம் என்றால் நம்புவார்கள். ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடும். எதிரே மாரியம்மன் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமைச் சோறுங்க மாமா. கொள்ளு ரசம்," என்றாள்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "தொட்டில குளிக்கற ரயில்ல சாமைச் சோறாமா!" என்றான் ஒருவன். "பஸ் ஸ்டாண்டோட திரும்பி வந்துட்டாங்களாட்ட இருக்குது," என்றான் இன்னொருவன். மாணிக்கம் முன்னால் வந்து, "சாமைதான். நானுந் தின்னேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டார். மாதம்மாள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெருமாயி கையைப் பிடித்துக்கொண்டு காளியண்ணனைப் பார்த்தாள்.

காளியண்ணன் வெற்றிலையை மென்று ஓரமாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார். "பொய் சொல்ல நெனச்சவளா இருந்தா பிரியாணின்னு சொல்லியிருப்பா. அல்வான்னு சொல்லியிருப்பா. அவ்வளவு பெரிய ரயிலுக்குப் போயிட்டு வந்து, நம்ம மாடு திங்கற கொள்ளையும், நாம திங்காத சாமையையும் தின்னேன்னு எவளாவது பொய் சொல்லுவாளா? இவ்வளவு கேவலமா ஒரு விருந்து போட்டாங்கன்னா, அது நடந்துதான் இருக்கோணும். சத்தியம் தீந்துபோச்சு."

தீர்ப்பில் நியாயம் எவ்வளவு, பசி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த ஊரில் யாருக்கும் மனசும் இல்லை.

"பெருமாயி," என்றார் காளியண்ணன். "இன்னைக்கு ஊட்ல என்னம்மா கொழம்பு?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட வீட்டைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே ஊர் வந்தது, எல்லாருக்கும் முன்னால் காளியண்ணன், இப்போதே துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு.